மோசஸ் பாட்டி



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தபால்தலைத் தொகுப்பேட்டை என்னிடம் கொண்டு வந்தான். 1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடு வெளியிட்ட தபால்தலை ஒன்றைச் சுட்டிக் காட்டினான். அதில் ஒரு சிற்றூர்க் காட்சி ஓவியமாக அச்சிடப்பட்டிருந்தது. ஓவியரின் பெயர் 'கிராண்ட்மா மோசஸ்' என்று இருந்தது. கிராண்ட்மா என்றால் பாட்டி. "ஐயா, தபால்தலையில் பாட்டி என்று போட்டிருக்கிறார்களே, இவர் யாருக்குப் பாட்டி?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "தெரிந்துகொண்டு சொல்கிறேன், தம்பி" என்றேன்.

அன்று மாலையே நூலகம் சென்று தேடினேன். சில நாள் கழித்து அவனை அழைத்துச் சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் ஒரு மூதாட்டியின் ஓவியத்திறம் உலகிற்குத் தெரிய வந்தது. ஆதலால் முதுமையிலும் முயன்றால் முடியும் என்பது பாடம் என்றேன். பையன் தலையசைத்துவிட்டுப் போனான். அவனுக்கு வயது பதின்மூன்று. முதுமையில் முயல்வதைப் பற்றி அவனுக்கு என்ன கவலை?

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு அந்த மூதாட்டியின் வரலாற்றை மீண்டும் படித்தேன். அன்று நான் சொன்னது பாதி விடையே என்பது அப்போதுதான் புலனாயிற்று. அந்தப் பாதி என்னைப் போன்ற முதியவர்களுக்கு உரியது. மற்றப் பாதி உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு உரியது. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நியூயார்க் என்றதும் வானளாவும் மாடங்கள் நிறைந்த மாநகரமே நம் நினைவிற்கு வரும். அம்மாநகரம் நியூயார்க் மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது. அங்கிருந்து வடக்கே நெடுந்தொலைவு சென்றால் குன்றுகளும் புல்வெளிகளும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறத்தைக் காணலாம். ஹூசிக் என்னும் ஆறு அங்கே ஓடுகிறது. அதன் கரையில் ஹூசிக் ஃபால்ஸ் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புல்லரியும் இயந்திரமும் கதிரறுக்கும் இயந்திரமும் செய்யும் தொழிற்சாலை ஒன்று அவ்வூரில் சிறந்து விளங்கியது. அதற்கு அண்மையில் ஈகிள் பிரிட்ஜ் என்று ஒரு சிற்றூர். நம் பாட்டியார் பல்லாண்டு வாழ்ந்தது இந்தச் சிற்றூரில். உலகிற்கு அறிமுகமானதும் உயிர் நீத்ததும் அந்தச் சிறு நகரத்தில்.

ஆனா மேரி ராபர்ட்சன் என்பது அவருடைய இயற்பெயர். 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், அந்த வட்டாரத்தைச் சேர்ந்த கிரீன்விச் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் ஒன்பதின்மர். தந்தையார் குழந்தைகள் படம் வரைந்து களிப்பதற்காக வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுப்பார். வண்ணம் வாங்க வசதியில்லை. சிறுமி ஆனா திராட்சைச் சாற்றையும் காட்டுப் பழங்களின் சாற்றையும் தொட்டுப் படங்களுக்கு வண்ணம் ஊட்டுவாள். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை.

பன்னிரண்டாம் வயதில் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். விளையாடப் போகவில்லை; வேறொரு வீட்டில் வேலை செய்யப் போனார். சமைத்தல், துணி வெளுத்தல், தைத்தல், வீட்டைத் துப்புரவு செய்தல் ஆகியவை அவருடைய கடமைகள். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு பிறர் வீடுகளில் உழைத்தார். உங்களுள் பலர் அறிவியல் நூலும் கணித நூலும் ஏந்தும் வயதில் அவர் ஏந்தியவை துடைப்பமும் கரண்டியும் ஊசியும். இதை நான் இரக்கத்திற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பின்னால் மீண்டும் நினைவூட்டுவேன், மறவாதீர்கள்.

1887இல், தாம் வேலை செய்த பண்ணையிலேயே வேலை செய்துவந்த தாமஸ் சாமன் மோசஸ் என்பவரை மணந்தார். இளந்தம்பதியர் பிழைப்பு நாடித் தெற்கே சென்றனர். வர்ஜினியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்னும் ஊருக்கு அருகே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டனர். கணவர் நிலத்தில் பாடுபட, தாம் உட்கார்ந்து உண்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தம் சேமிப்பைக் கொண்டு ஒரு பசு வாங்கினார். வெண்ணெய் எடுத்து விற்றார். பின்னர் உருளைக்கிழங்கு வறுவல் செய்து விற்றார். அந்நாட்டில் அவருக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தன. அவற்றுள் ஐந்து சிசுப் பருவத்தைத் தாண்டவில்லை. இந்தச் செய்தி அவருடைய வரலாற்றில் ஒரே வரியில் வரும். அந்த வரியைப் படிக்கும்போது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது வழக்கம். ஐந்து முறை தொட்டில் கட்டி அவிழ்த்த தாயின் துயரத்தை எந்த வரி கொள்ளும்?

1905இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்திற்குத் திரும்பி, ஈகிள் பிரிட்ஜில் ஒரு பண்ணை வாங்கிக் குடியேறியது. 1918இல் ஒருநாள் கூடத்துச் சுவர்களுக்கு வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். தாள் போதவில்லை. கணப்படுப்பை மறைக்கும் பலகை வெறுமையாய் நின்றது. இருந்த வண்ணத்தைக் கொண்டு அதில் ஓர் இயற்கைக் காட்சியைத் தீட்டிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இதுவே அவர் தீட்டிய முதற் பெரிய ஓவியம் என்பர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டை ஒட்டியிருந்தது.

1927இல் கணவர் காலமானார். பண்ணையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். சும்மா இருந்து பழகாத கைகளுக்கு வேலை வேண்டும் அல்லவா? மகளின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கம்பளி நூலால் துணியில் காட்சிகளைத் தைத்தார். கைம்மூட்டுகளில் வாதம் தோன்றி ஊசி பிடிப்பது வேதனையாயிற்று. உடன்பிறந்த சகோதரி ஒருவர், "தைப்பதை விடத் தூரிகை பிடிப்பது உனக்கு எளிதாக இருக்குமே" என்ற கருத்துப்படச் சொன்னார். அதைக் கேட்டு, எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் தூரிகையைக் கையில் எடுத்தார். கலைத்தாகம் என்றும் தெய்வ அருள் என்றும் அவர் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊசி பிடிக்க முடியவில்லை. தூரிகை பிடிக்க முடிந்தது. அவ்வளவே.

அந்த வட்டாரத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் வேளாண் கண்காட்சிக்கு அவர் தம் ஓவியங்களையும், தாம் பதப்படுத்திய பழங்களையும் பழப்பாகையும் அனுப்பினார். பழங்களுக்கும் பாகுக்கும் பரிசு கிடைத்தது. ஓவியங்களை எவரும் பொருட்படுத்தவில்லை.

1938இல் லூயி கால்டார் என்னும் பொறியாளர் ஹூசிக் ஃபால்ஸ் வழியாகச் சென்றார். அவர் நியூயார்க் மாநகரில் பணியாற்றியவர். ஓவியங்கள் சேகரிப்பதில் ஆர்வம் உடையவர். ஊரின் மருந்துக்கடைச் சன்னலில் சில படங்கள் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அளவைப் பொறுத்து விலை மூன்று டாலரும் ஐந்து டாலரும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தீட்டியவர் யார் என்று விசாரித்து ஈகிள் பிரிட்ஜுக்குப் போனார். அப்போது பாட்டியார் வீட்டில் இல்லை. மருமகள், "அத்தையிடம் இன்னும் பத்துப் படங்கள் இருக்கும், நாளை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாட்டியார் இதைக் கேட்டதும் திகைத்தார். எத்தனை எண்ணிப் பார்த்தும் ஒன்பது படங்களே தேறின. இரவெல்லாம் உறக்கம் இல்லை. மருமகள் கொடுத்த வாக்குப் பொய்க்கக்கூடாது அல்லவா? காலையில் எழுந்ததும் பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டி, இரண்டிற்கும் சட்டம் போட்டு, பத்துப் படங்களை எண்ணி வைத்தார்! கலைஞர்கள் இதைக் கேட்டுப் பதறலாம். குடும்பம் நடத்திய பெண்மணிகள் பதறமாட்டார்கள். எதிர்பாராமல் விருந்தினர் ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து இலையை நிறைக்கத் தெரிந்த கைகள் அவை.

கால்டார் அந்தப் படங்களை நியூயார்க் மாநகருக்கு எடுத்துச் சென்று, ஓவிய வாணிகர்களிடம் காட்டினார். சிலர் விரும்பிப் பார்த்தனர். தீட்டியவருக்கு எழுபத்தெட்டு வயது என்று கேட்டதும் பின்வாங்கினர். மாணவர்களே, அவர்கள் கணக்கை எளிதாக இகழ்ந்துவிடக்கூடாது. ஓர் ஓவியரை ஊரறியச் செய்யப் பணமும் காலமும் செலவாகும். அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து தீட்டினால்தான் போட்ட முதல் திரும்பி வரும். எழுபத்தெட்டு வயதில் இனி எத்தனை ஆண்டு எஞ்சியிருக்கும்? ஏட்டுக்கணக்கில் அவர்கள் சரியாகவே கணித்தனர்.

ஆயினும் அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. முதற் பிழை, பாட்டியார் அதன் பின்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது. அவர் தீட்டிய ஓவியங்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. இதை முன்னறிந்திருக்க எவராலும் இயலாது. ஆதலால் இதற்காக அவர்களைக் குறை சொல்லேன். இரண்டாம் பிழையே பெரிது. அவர்கள் அந்த மூதாட்டிக்கு முன்னே எஞ்சியிருந்த ஆண்டுகளை எண்ணினார்கள். அவருக்குப் பின்னே கிடந்த ஆண்டுகளை எண்ண மறந்தார்கள். அவருடைய முதல் முழுவதும் பின்னேதான் சேர்ந்து கிடந்தது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். அவர் பலமுறை தீட்டிய காட்சிகளுள் ஒன்று மேப்பிள் மரச் சருக்கரை காய்ச்சுதல். நம் பக்கத்தில் பனஞ்சாறு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவது போன்றது அது. குளிர்காலம் முடியும் வேளையில், இரவில் நீர் உறைந்தும் பகலில் உருகியும் வரும் சில வாரங்களில், மேப்பிள் மரத்தில் சாறு ஊறும். மரத்தில் சிறு துளையிட்டு வாளியைத் தொங்கவிடுவார்கள். வாளிகளில் சேர்ந்த சாற்றைப் பனியின் மீது வண்டியில் இழுத்துவந்து கொப்பரையில் ஊற்றி, நீர் சுண்டும் வரை காய்ச்சுவார்கள். ஏறக்குறைய நாற்பது படி சாறு காய்ந்தால் ஒரு படி பாகு கிடைக்கும். பாகைச் சூட்டோடு வெண்பனியின் மீது ஊற்றினால் அது இழுபடும் மிட்டாயாக இறுகும். அதற்காகவே குழந்தைகள் சுற்றி நிற்பார்கள். பாட்டியாரின் ஓவியத்தில் இவை அனைத்தும் உள்ளன. வாளி சுமப்பவர், கொப்பரையைக் கிளறுபவர், விறகு கொண்டு வருபவர், மிட்டாய்க்குக் காத்திருக்கும் சிறுவர் என்று ஒருவரும் விட்டுப் போகவில்லை.

இவ்வாறே ஆப்பிள் பழத்தை நாளெல்லாம் கிளறிக் களியாக்குவது, மெழுகுவத்தி வார்ப்பது, சோப்புக் காய்ச்சுவது, துணி வெளுப்பது, ஊர்ப்பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது, வீடு மாறுவது ஆகியவற்றை எல்லாம் தீட்டினார். அவர் தீட்டிய மனிதர்கள் உருவத்தில் சிறியவர்கள். முகம் தெளிவாக இராது. ஆயினும் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலை செய்துகொண்டிருப்பார்கள். அந்த வேலை எப்படித் தொடங்கும், எங்கே கை தேவைப்படும், எப்போது முடியும் என்பதெல்லாம் தீட்டியவருக்குத் தெரியும். ஏனெனில் அவற்றுள் பலவற்றை அவர் தம் கையாலேயே செய்தவர். பன்னிரண்டு வயது முதல் பிறர் வீடுகளில் உழைத்த அந்தப் பதினைந்து ஆண்டுகளை மறவாதீர்கள் என்றேனே, அவை இங்கே வந்து சேர்கின்றன. எழுபது வயதுக்கு மேல் அவர் புதிதாய்க் கற்றது தூரிகை ஒன்றே. தூரிகை தீட்டிய பொருளை அறுபது ஆண்டுகளாக அவர் கற்றுக்கொண்டே வந்தார்.

அவர் வேலை செய்த முறையும் இல்லத்தரசியின் முறையே. பலகைக்கு முதலில் வெள்ளை வண்ணம் பூசி ஆயத்தம் செய்துகொள்வார். பின்பு மேலிருந்து கீழாகத் தீட்டுவார். முதலில் வானம், அடுத்து மலை, பிறகு குன்றும் மரமும் வீடும், அதன் பின் ஆடுமாடு, இறுதியில் மனிதர். ஒரே வேளையில் நான்கைந்து பலகைகளை வைத்துக்கொள்வார். வானத்திற்குக் குழைத்த நீலம் வீணாகாமல் எல்லா வானங்களுக்கும் ஆகும் அல்லவா? செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் வந்த படங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்து, ஆள் உருவம் வரைவதற்குத் துணையாகக் கொள்வார். தெரியாததைப் பார்த்துக் கற்பதில் அவருக்கு நாணம் இல்லை. தந்திக்கம்பமும் உழவு இயந்திரமும் அவர் காலத்தில் ஊருக்குள் வந்துவிட்டன. ஆயினும் அவற்றைத் தம் ஓவியத்தில் சேர்க்கமாட்டார். தம் இளமையில் கண்ட உலகத்தையே அவர் காத்து வைக்க விரும்பினார்.

கால்டாரின் முயற்சி வீணாகவில்லை. 1939இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம், உறுப்பினர்களுக்காக ஒரு காட்சி நடத்தியது. அதில் பாட்டியாரின் மூன்று ஓவியங்கள் இடம்பெற்றன. 1940 அக்டோபரில் ஓட்டோ காலிர் என்பவர், பாட்டியாரின் ஓவியங்களுக்கென்றே ஒரு தனிக்காட்சி நடத்தினார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வியன்னா நகரிலிருந்து அமெரிக்கா வந்து ஓவியக்கூடம் நிறுவியவர் அவர். ஒரு பண்ணை வீட்டுப் பெண் தீட்டியவை என்னும் பொருள்படவே காட்சிக்குப் பெயரிட்டிருந்தார். அதற்குப் பாட்டியார் போகவில்லை. அடுத்த மாதம் பெரிய அங்காடி ஒன்றில் அவருடைய ஓவியங்களை வைத்தபோது நேரில் சென்றார். கலையைப் பற்றி அவர் என்ன சொல்வாரோ என்று கூட்டம் காத்திருந்தது. அவரோ பழப்பாகு செய்வதைப் பற்றியும் பழங்களைப் பதப்படுத்துவதைப் பற்றியும் பேசினார். மக்கள் மகிழ்ந்தார்கள். 'மோசஸ் பாட்டி' என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று.

புகழ் வளர்ந்தது. அவர் ஓவியங்கள் வாழ்த்துமடல்களாக அச்சாகி எண்ணற்ற வீடுகளுக்குச் சென்றன. 1949இல் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் அவருக்கு விருது வழங்கினார். தேநீர் விருந்தின்போது அவருக்காகப் பியானோவும் வாசித்தார். 1952இல் பாட்டியாரின் தன்வரலாறு நூலாக வந்தது. கலைத் திறனாய்வாளர் அனைவரும் அவரைப் போற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். தொலைவு அண்மைகளை அளவோடு காட்டும் பயிற்சி அவருக்கு இல்லை. நிழலை அவர் பெரிதாகக் கருதவில்லை. பழைய நாளை இனிமையாகவே காட்டுகிறார், துன்பத்தைக் காட்டவில்லை என்றெல்லாம் குறை கூறியவர்கள் உண்டு. அந்தக் குறைகளில் உண்மையும் உண்டு. ஐந்து சிறு குழந்தைகளை இழந்த துயரத்தை அவருடைய ஓவியங்களில் நீங்கள் காணமாட்டீர்கள். பெருங்கலைஞர் வரிசையில் அவருக்கு எந்த இடம் என்பதைக் கலை வல்லுநர்கள் முடிவு செய்யட்டும். பாட்டியாருக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஓவியம் வாய்க்காமல் போயிருந்தால் கோழி வளர்த்திருப்பேன் என்ற கருத்தைத் தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார்.

1960 செப்டம்பரில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் அந்த நாளை 'மோசஸ் பாட்டி நாள்' என்று அறிவித்தார். நூறு வயது நிறைந்த பின்னும் அவர் இருபத்தைந்து ஓவியங்களைத் தீட்டினார். 1961ஆம் ஆண்டின் நடுவில் கீழே விழுந்ததனால் ஹூசிக் ஃபால்ஸ் மருத்துவ நிலையத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே இருக்க அவருக்கு மனமில்லை. ஒருநாள் மருத்துவர் இதயத்துடிப்பு பார்க்கும் குழாயைத் தேடினார், காணவில்லை. பாட்டியாரே அதை ஒளித்து வைத்திருந்தார்! தம்மை ஈகிள் பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றால் குழாயைத் திருப்பித் தருவதாக மருத்துவரிடம் பேரம் பேசினார் என்று சொல்வர். அந்தப் பேரம் பலிக்கவில்லை. 1961 டிசம்பர் 13ஆம் நாள், தம் நூற்றோராவது வயதில், அந்தச் சிறு நகரத்திலேயே உயிர் நீத்தார். குறிப்பிட்டுச் சொல்லத்தக்க நோய் எதுவும் அவரைக் கொண்டுபோகவில்லை. நெடுங்காலம் உழைத்த உடல் தேய்ந்து ஓய்ந்தது என்பதே மருத்துவர் தந்த விளக்கம். குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி இரங்கல் செய்தி வெளியிட்டார். ஊரார் ஹூசிக் ஃபால்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2006இல், சருக்கரை காய்ச்சும் காட்சி ஒன்று ஏறக்குறைய 12 இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. மருந்துக்கடைச் சன்னலில் மூன்று டாலருக்கும் ஐந்து டாலருக்கும் காத்திருந்த ஓவியங்களின் உடன்பிறப்பு அது.

மாணவர்களே, கால்டார் அந்தச் சாலை வழியே வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோசஸ் பாட்டி அதே பாட்டியாகவே இருந்திருப்பார். அவருக்குத் தெரிந்தவை எல்லாம் தெரிந்தவையாகவே இருந்திருக்கும். ஒருநாள் அவருடன் மண்ணில் மறைந்திருக்கும். அப்படி மறைந்தவர்களே உலகில் மிகப் பலர்.

அவர்களுள் ஒருவரை நான் நன்கு அறிவேன். என்னைப் பெற்ற தாய் அவர். விதை நெல்லை வெயிலில் காயவைத்து, ஒரு மணியை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு வெயில் வேண்டும்" என்பார். அவர் சொன்னபடி காயவைத்த விதை கெட்டதை நான் கண்டதில்லை. நெல்லைக் கொட்டி வைக்கும்போது நொச்சித்தழையை இடையிடையே போடுவார். விதைத் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார். ஒரு படி துவரைக்கு எவ்வளவு செம்மண், எத்தனை நாள் காயவேண்டும், மணியைக் கடித்தபோது பல்லுக்கு என்ன தெரிந்தது? இவற்றுள் ஒன்றையேனும் நான் கேட்டதில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் நான். வினாக்கள் கேட்டுக் கற்பிக்கும் முறையில் தேர்ந்தவன் என்று பெயரும் எடுத்தேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் வினாக்கள் கேட்டேன். தாயாரிடம் ஒரு வினா கேட்கத் தோன்றவில்லை. பள்ளியில் ஆண்டுதோறும் நான் கட்டுரைப் போட்டி நடத்தினேன். பெரியோர் பலரைப் பற்றி எழுதச் சொன்னேன். 'என் வீட்டு மூதாட்டிக்குத் தெரிந்த ஒரு தொழில்' என்று ஒருமுறையேனும் தலைப்புக் கொடுத்தேன் இல்லை. தாயாரின் ஈமக்கடன் முடிந்து சில திங்களுக்குப் பின், வீட்டில் ஒரு பானையைத் திறந்தேன். செம்மண் கட்டிய துவரை பாதியளவு இருந்தது. மணிகள் ஒன்றுகூடச் சொத்தையாகவில்லை. எப்படிச் செய்தார் என்று கேட்க ஆள் இல்லை.

அந்தத் துவரைப் பானையின் முன் நின்றபோது எனக்கு உண்டான அறிவை உங்களுக்குத் தர விரும்புகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு மூதாட்டி இருப்பார். அவருக்கு வயதாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று அந்த ஓவிய வாணிகர்களைப் போல நீங்களும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் பின்னே இருக்கும் ஆண்டுகளை எண்ணுங்கள். ஒரு மாலை வேளையில் அவர் அருகே ஒரு குறிப்பேட்டுடன் உட்காருங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என் வாழ்க்கையில் என்ன இருக்கிறது?" என்று சொல்லி நகைத்துவிடுவார். ஆகையால் ஒரு வேலையைப் பற்றிக் கேளுங்கள். பாய் எப்படி முடைந்தீர்கள், வடகத்திற்குப் பதம் எப்படி அறிந்தீர்கள், நாற்று நடும்போது எத்தனை விரல் இடைவெளி விட்டீர்கள், பிள்ளை பெற்ற வீட்டில் என்ன மருந்து அரைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் வாய் சொல்வதற்கு முன்னே கை அசைந்து காட்டத் தொடங்கும். அந்தக் கையைக் கவனியுங்கள். அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். படம் வரைய வல்லவர்கள் வரைந்துகொள்ளுங்கள். அவருக்குத் தூரிகை வாய்க்கவில்லை. உங்கள் எழுதுகோல் அவருக்குத் தூரிகை ஆகட்டும்.

"இவர் யாருக்குப் பாட்டி?" என்று கேட்ட மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ, அறியேன். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அவன் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு என் முழு விடை இது. தம்பி, அவர் ஹூசிக் ஃபால்ஸ் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் பாட்டி. அவரைப் போன்ற ஒருவர் உன் வீட்டிலும் இருந்திருப்பார். ஒருவேளை இன்றும் இருப்பார். இருந்தால், இன்றைக்கே போய்க் கேள்.